மரண அறிவித்தலுக்கு முன்னால் கால் மணி நேரம்

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் தலைவர், பணிப்பாளர் நாயகம், தமிழ்ச் சேவைப் பொறுப்பாளர்கள் ஆகியோருக்குத் திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

வணக்கம்.

கேட்க வந்ததை முதலில் கேட்டுவிடுகிறேன். வாரத்தில் ஒரு நாள், கால் மணி நேரம், மரண அறிவித்தலுக்குச் சற்று முன்னால் ஒரு நிகழ்ச்சி வேண்டும். உடம்பைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் சனம் கேட்கும் கேள்விகளுக்கு அதில் பதில் சொல்ல வேண்டும். தமிழில் வேண்டும். முடிந்தால் திருகோணமலையிலிருந்தே தயாராக வேண்டும்.

ஏன் மரண அறிவித்தலுக்கு முன்னால் என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்து வீடுகளில் வானொலிக்கு முழுக் காதையும் கொடுக்கிற நேரம் அது ஒன்றுதான். பாட்டு ஓடும்போது பாத்திரம் கழுவுவார்கள், மீன் வெட்டுவார்கள், பிள்ளையை ஏசுவார்கள். அறிவித்தல் தொடங்கியதும் தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு வந்து நிற்பார்கள். பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருடைய மகன், யாருடைய மைத்துனர், கிரியை எத்தனை மணிக்கு என்று எல்லாம் கேட்பார்கள். செத்தவருக்கு என்ன வருத்தம் என்பதை மட்டும் அறிவித்தலில் சொல்வதில்லை. அதை அவர் உயிரோடு இருக்கும்போதே பேசிவிட்டால் என்ன?

நான் அரச வைத்தியசாலைகளில் மருந்தாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள். டொக்டர் எழுதியதை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஆனால் டொக்டரிடம் கேட்கப் பயந்த கேள்விகள் எல்லாம் வந்து சேரும் இடம் எங்கள் ஜன்னல்தான். உள்ளே கேட்டால் ஏச்சு விழும் என்று நினைப்பவர்கள், மருந்தை வாங்கிப் பையில் வைத்த பிறகு, பின்னால் வரிசை நிற்பதையும் பாராமல், "மிஸ், ஒண்டு கேக்கட்டா?" என்று தொடங்குவார்கள். இந்த மடலில் நான் எழுதுவதில் பாதி அந்த ஜன்னலில் கேட்டது.

கொழும்பில் ஒலிபரப்புத் தொடங்கியது 1925 டிசம்பர் 16 இல். 2025 டிசம்பரோடு நூறு வருடம். அந்த நூறு வருடத்தில் இந்தத் தீவின் உடம்புக்கு நடந்ததை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். வானொலி பிறந்து பத்து வருடம் ஆகுமுன் 1934-35 இல் மலேரியா வந்து எண்பதாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனது. வானொலிப் பெட்டி அப்போது ஏழை வீட்டுச் சாமான் இல்லை. அதைக் குறை சொல்ல வரவில்லை. பிறகு டி.டி.டி. என்ற நுளம்பு மருந்து வந்தது. 1963 இல் நாடு முழுவதற்கும் பதிவானது வெறும் 17 மலேரியா நோயாளிகள். ஒழிந்தது என்று மருந்தடிப்பை நிறுத்தினார்கள், இரத்தச் சோதனையில் கவனம் தளர்ந்தது. 1969 அளவில் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிட்டது. 1967 இல் நீங்கள் கூட்டுத்தாபனமாக மாறினீர்கள். திருகோணமலைக் காடுகரையில் ஆட்கள் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்ததும் அதே காலத்தில்தான்.

உள்நாட்டிலேயே தொடர்ந்து பரவிவந்த மலேரியாவின் கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் எங்களுக்குச் சான்றிதழ் தந்தது. பெரிய காரியம், சந்தேகமே இல்லை. ஆனால் நுளம்பு சான்றிதழ் வாசிக்காது. இந்தியாவில் நகரத்துக் கிணறுகளிலும் தண்ணீர்த் தாங்கிகளிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டெபன்சி என்ற மலேரியா நுளம்பு இனம் மன்னாரில் இருப்பதாக 2017 இல் அறிவித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களோடு மலேரியா இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. இன்று வெளிநோயாளர் பிரிவில் இருக்கும் இளம் டொக்டர்மாரில் பலர் மலேரியா நோயாளியைக் கண்ணால் கண்டதில்லை. ஆகவே ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய் வந்தவருக்குக் காய்ச்சல் வந்தால், எங்கே போய் வந்தேன் என்பதை அவரே முதலில் சொல்ல வேண்டும். இந்த ஒரு வசனத்தை வானொலியில் சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? நோய் இல்லாத வருடங்களில் அதைப் பேசுவதற்கு உங்களிடம் இடமே இல்லை. வந்த பிறகு மட்டும் விசேட அறிவித்தல் வரும்.

வந்த பிறகும் என்ன சொல்கிறீர்கள் என்பது வேறு விடயம். 2017 மார்ச்சில் எங்கள் மாவட்டத்துக் கிண்ணியாவில் டெங்கு எப்படி ஆடியது என்பதைக் கிண்ணியாக்காரரிடம் கேளுங்கள். வைத்தியசாலையில் கட்டில் இல்லை, பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். அந்த வருடம் நாடு முழுவதும் 1,86,101 பேர் டெங்கு என்று பதிவானார்கள், 440 பேர் இறந்தார்கள். அப்போது வானொலியில் என் காதில் விழுந்தது பெரும்பாலும் ஒரே பல்லவி: சுற்றாடலைத் துப்புரவாக வைத்திருங்கள், இல்லையேல் தண்டம். சிரட்டை, டயர், பூச்சாடி. சரி, வேண்டியதுதான்.

ஆனால் ஜன்னலில் நான் கண்டது வேறு. ஒரு தாய், இடுப்பில் ஐந்து ஆறு வயதுப் பையன். காய்ச்சலுக்குத் தந்த பனடோல் பாணி முடிந்துவிட்டதா என்று கேட்டேன். "காய்ச்சல் விட்டிட்டு மிஸ், இனி மருந்து தேவல்ல. ஆனா புள்ளைட கை கால் சில்லெண்டு கிடக்கு, மூத்திரமும் காலையில இருந்து போகல்ல" என்றார். சுகமாகிவிட்டது என்ற நம்பிக்கையோடு, வீட்டுக்குப் போகும் வழியில் இருமல் மருந்து வாங்க வந்தவர். நான் அவரை வரிசையிலிருந்து பிரித்து உள்ளே கூட்டிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் விடுகிற நேரத்தில்தான். இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து, உடம்பு குளிர்ந்து, வயிறு நொந்து, சத்தி எடுத்து, சலம் குறைந்து பிள்ளை படுத்துவிடும். காய்ச்சல் மூன்றாம் நாளும் இருந்தால் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். பரசிற்றமோலைத் தவிர இபுபுரொஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற நோவு மருந்துகள் கொடுக்கக் கூடாது. டயரைப் பற்றி எத்தனை தரம் சொன்னீர்களோ அதில் பாதித் தரம் இதைச் சொல்லியிருக்கலாம். டயரைப் பற்றிப் பேசினால் குற்றவாளி சனம், தண்டம் அறவிடலாம். உடம்பைப் பற்றிப் பேசினால் சனம் கேள்வி கேட்கும், பதில் சொல்ல ஆள் வேண்டும். வித்தியாசம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

உங்களுக்கு ஒரு விடயம் தெரியுமோ தெரியாது. நீங்கள் விட்டுப்போன கதிரையில் இப்போது வேறு ஆள் உட்கார்ந்திருக்கிறார். வட்ஸ்அப்பில் வரும் குரல் பதிவை, வொய்ஸ் கட்டைச் சொல்கிறேன். எழுதினால் வாசிக்கச் சோம்பல்படும் ஊர், குரலை நம்பும். அந்தப் பழக்கத்தை எங்களுக்குப் பழக்கியது நீங்கள்தானே! உங்கள் அறிவிப்பாளர்கள் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசினால் நம்பிய காது இது. இப்போது பெயரில்லாத ஒருவர், "நான் கொழும்புப் பெரியாஸ்பத்திரியில ஒரு டொக்டர் பேசுறன்" என்று தொடங்கினால் அதே காது அதே மாதிரி நம்புகிறது.

கிண்ணியாப் பெரியவர் ஒருவர் மாதக் கணக்கில் சீனி வருத்தக் குளிசையை வாங்கிக்கொண்டு போய் அலுமாரியில் அடுக்கி வைத்திருந்தார். கிளினிக் கொப்பியில் சீனி முந்நூறுக்குக் கீழே இறங்கவே இல்லை. "மகள், இந்தக் குளிச கிட்னியப் பழுதாக்குமாமே, வொய்ஸ் கட் வந்திச்சி" என்றார். டொக்டரைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று வாங்குகிறார், உடம்பைச் சங்கடப்படுத்தக் கூடாதென்று போடுவதில்லை! அந்தக் குளிசை, மெற்ஃபோமின், சிறுநீரகத்தைப் பழுதாக்குவதில்லை. கட்டுப்படாத சீனிதான் வருடக் கணக்கில் அதை அரிக்கிறது. வேறு காரணத்தால் சிறுநீரகம் பலவீனப்பட்டவருக்கு டொக்டர் அந்தக் குளிசையைக் குறைப்பார், சில வேளை நிறுத்துவார். அதைப் பார்த்த அயலவர் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிட்டார். இப்படி விளக்க எனக்கு ஜன்னலில் மூன்று நிமிடம் எடுத்தது, பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வானொலியில் அதே மூன்று நிமிடம் எத்தனை ஊருக்குக் கேட்கும்!

எங்கள் மாவட்டத்தில் சிறுநீரகப் பயம் சும்மா வந்ததும் இல்லை. பதவிசிறிபுரப் பக்கத்தில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் எத்தனையோ விவசாயக் குடும்பங்களைச் சாப்பிட்டிருக்கிறது. கிணற்று நீரின் கடினமும் புளோரைட்டுமா, விவசாய இரசாயனமா, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் உழைப்பதா, எல்லாம் சேர்ந்தா என்று ஆராய்ச்சி இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 'இன்னும் தெரியாது, ஆனால் இதுவரை தெரிந்தது இவ்வளவு' என்று சொல்லவும் ஒரு வானொலி பழக வேண்டும்.

வதந்தி குளிசையோடு நிற்பதும் இல்லை. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறையில் கொத்து ரொட்டிக்குள் மலட்டுக் குளிசை போட்டார்கள் என்ற கதை கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வாளர் பார்த்தபோது அது மாக்கட்டி. சாப்பாட்டில் கலந்து கொடுத்து ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் குளிசை என்று ஒன்று எந்த பாமசி அலுமாரியிலும் கிடையாது. இதை எந்த மருந்தாளரைக் கேட்டாலும் அரை நிமிடத்தில் சொல்லியிருப்பார். கேட்பதற்கு ஒரு வழக்கமான இடம், வழக்கமான நேரம், நம்பிய குரல் இருக்கவில்லை. அந்த அலங்கோலத்துக்கு வானொலி பொறுப்பு என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிங்களம், தமிழ் இரண்டிலும் ஒரே நம்பிக்கையோடு கேட்கப்படும் சுகாதார நிகழ்ச்சி ஒன்று பத்து வருடமாக ஓடியிருந்தால், அடுத்த நாள் காலையில் சனம் அதைத் திறந்து பார்த்திருக்கும்.

போர்க்காலத்தில் இதைவிட நன்றாகச் செய்தோம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். 1990களின் நடுவில் போலியோச் சொட்டு மருந்து நாட்களுக்காக இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைத்தன. எந்த நாள், எந்த இடம் என்று நாங்கள் வானொலியில் கேட்டுத்தான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனோம். 1993 க்குப் பிறகு இந்த நாட்டில் போலியோ நோயாளி இல்லை. அந்தப் பெருமையில் உங்களுக்கும் பங்கு உண்டு.

வெளியில் என்ன செய்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிபிசியில் சார்ள்ஸ் ஹில் என்ற டொக்டர் காலை நேரத்தில் பேசினார். 'வானொலி டொக்டர்' என்றுதான் சனம் அவரை அறிந்தது. மலச்சிக்கல், வாயு, உலர்ந்த பிளம்ஸ் பழம் என்று வீட்டில் பேசுகிற விதத்திலேயே பேசினார். நாக்கைக் கடித்துக்கொண்டு பேசும் நிபுணர்களுக்கு அது அருவருப்பாக இருந்திருக்கும், ஆனால் நாடு கேட்டது. தமிழிலும் முன்மாதிரி இருக்கிறது. 1960களில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சியைக் கேட்டுத் தஞ்சாவூர் விவசாயிகள் ஏ.டி.டி.-27 என்ற புது நெல்லை விதைத்தார்கள், அதற்கு 'ரேடியோ நெல்லு' என்றே பெயர் வந்தது. வயலுக்கு அவ்வளவு செய்த வானொலி வயிற்றுக்கும் செய்யும்.

அவுஸ்திரேலியப் பொது வானொலியான ஏபிசியில் 1985 இல் தொடங்கிய சுகாதார நிகழ்ச்சி இன்றும் போகிறது. அதை நடத்திய நோர்மன் ஸ்வான் டொக்டராகப் பயின்று ஊடகத்துக்கு வந்தவர். அவர் செய்த ஒரு வேலையைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். வில்லியம் மக்பிரைட் என்ற மகப்பேற்று வைத்தியர் 1961 இல் தலிடொமைட் மருந்து கருவில் இருக்கும் குழந்தைகளை ஊனமாக்குகிறது என்று உலகத்துக்கு எச்சரித்தவர்களில் ஒருவர். அந்த நாட்டில் அவர் வீரர். 1982 இல் முயல்களில் செய்த இன்னொரு ஆய்வை வெளியிட்டார். அதில் எண்களை அவர் மாற்றியிருந்தார் என்று அவருக்குக் கீழே வேலை செய்த இளம் ஆய்வாளர் சொன்னார், யாரும் காது கொடுக்கவில்லை. 1987 இல் ஸ்வான் அதை ஏபிசி வானொலியின் அறிவியல் நிகழ்ச்சியில் போட்டு உடைத்தார். விசாரணை நடந்து, 1993 இல் மக்பிரைட்டின் பெயர் வைத்தியர் பதிவிலிருந்து நீக்கப்பட்டது. அரசாங்கப் பணத்தில் ஓடும் வானொலிதான் அதையும் செய்தது.

அரச வானொலியில் அமைச்சரைக் கேள்வி கேட்பது கஷ்டம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நானும் அரச உத்தியோகம் பார்த்தவள். ஆனாலும் 2023 இல் இம்யூனோகுளோபுலின் என்ற தரமற்ற நோயெதிர்ப்பு ஊசிமருந்துக் கொள்வனவு விவகாரம் வெடித்து, 2024 பெப்ரவரியில் முன்னாள் சுகாதார அமைச்சர் கைதாகும்வரை போனபோது, ஊர்ச்சனம் என்னைக் கேட்டது அமைச்சரைப் பற்றி இல்லை. "இப்ப ஆசுப்பத்திரியில தாற மருந்து சரியான மருந்தா மிஸ்?" என்றுதான் கேட்டார்கள். மருந்து நாட்டுக்குள் வரும்போது யார் பரிசோதிக்கிறார்கள், 2015 ஆம் ஆண்டின் சட்டத்தில் உருவான தேசிய ஒளடத ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் வேலை என்ன, ஒரு மருந்துத் தொகுதி மீளப் பெறப்பட்டால் வீட்டில் இருக்கும் போத்தலை என்ன செய்வது என்பதை கால் மணி நேரம் விளக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. மலிவான மருந்தும் நல்ல மருந்தாக இருக்கலாம் என்று உலகத்துக்கே காட்டிய சேனக பிபிலே பிறந்த நாடு இது. அவர் முன்நின்று 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் பெயர் தெரிந்த பிள்ளைகள் இன்று எத்தனை பேர்?

இதெல்லாம் எங்கள் வளத்துக்கு எட்டாது என்று கோப்பில் எழுதிவிடாதீர்கள். உங்கள் கூட்டுத்தாபனமே செய்து காட்டியிருக்கிறது. 1989 இல் தொடங்கிய கொத்மலை சமூக வானொலி, 1999 இலிருந்து யுனெஸ்கோ துணையோடு ஒரு புது வேலை செய்தது. கேட்பவர்கள் கேள்வி அனுப்புவார்கள், அறிவிப்பாளர் இணையத்தில் தேடுவார், உள்ளூர் டொக்டர் போன்ற விடயம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கிராமத்துப் பேச்சில் விளக்குவார். கணினி காணாத ஊருக்கு அது. உலகமே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதே முறையைத் தமிழில் கிழக்கில் செய்வதற்கு இன்று ஒரு தொலைபேசி போதும்.

திருகோணமலையில் ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் வானொலியான டொய்ச்ச வெல 1980களில் இங்கே நிறுவிய ஒலிபரப்பு நிலையம் 2013 இல் உங்கள் கைக்கு வந்தது. எங்கள் ஊரிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களின் நிகழ்ச்சிகள் ஆசியா முழுவதற்கும் போகின்றன. மூதூரில் இருக்கும் ஆச்சிக்கு இன்சுலின் ஊசி எந்த இடத்தில் குத்துவது என்று சொல்ல மட்டும் அங்கிருந்து ஒரு குரல் இல்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் ஒரே கிளினிக் வரிசையில் நிற்கும் மாவட்டம் இது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். சனம் காலையில் கிளினிக் குளிசையும் பின்னேரம் பரியாரியாரின் சூரணமும் சேர்த்துத்தான் எடுக்கிறது, இரண்டு பேரிடமும் மற்றவரைப் பற்றிச் சொல்வதில்லை. இரண்டு தரப்பையும் ஒரே ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார வையுங்கள், எனக்கே கேட்க ஆசையாக இருக்கிறது.

நிகழ்ச்சி எப்படி இருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். நிபுணர் ஒருவர் எழுதிக் கொண்டுவந்து வாசிக்கும் பேச்சு வேண்டாம். 'குருதியமுக்கம் உயர்வடையும் பட்சத்தில்' என்று அவர் தொடங்கும்போதே கேட்பவர் பாட்டுக்கு மாற்றிவிடுவார். அவருக்குத் தெரிந்தது பிரஷர். காசு கொடுத்து நேரம் வாங்கி மூலிகை எண்ணெய் விற்பவர்களை அந்தப் பக்கமே விடாதீர்கள். கேள்வி கேட்பவர் டொக்டருக்கு 'சேர்' போட்டுத் தலையாட்டாத, விளங்கவில்லை என்றால் விளங்கவில்லை என்று சொல்லக்கூடிய ஒரு அறிவிப்பாளராக இருக்க வேண்டும்.

ஒரு தடையை நீங்கள்தான் நீக்க வேண்டும். தாபன விதிக்கோவைப்படி அரச ஊழியர் அனுமதியின்றி ஊடகத்துக்குப் பேசக் கூடாது. விடயம் தெரிந்த டொக்டரும் தாதியும் குடும்பநல மாதும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பீ.எச்.ஐ.யும் அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டு இருக்கிறார்கள், வொய்ஸ் கட்காரருக்கு அந்த விதி இல்லை. சுகாதார அமைச்சுக்கும் மாகாணத் திணைக்களத்துக்கும் கூட்டுத்தாபனம் ஒரே ஒரு கடிதம் எழுதி, சுகாதாரக் கல்விக்காக இந்த நிகழ்ச்சியில் பேசுவதற்கு நிலையான அனுமதி எடுத்தால் போதும். ஒவ்வொரு முறையும் கோப்பு கொழும்புக்குப் போய்வந்தால் டெங்கு முடிந்து எலிக்காய்ச்சல் தொடங்கியிருக்கும்.

முதல் நிகழ்ச்சிக்குக் கேள்வி கிடைக்காதே என்று யோசிக்க வேண்டாம். ஜன்னலில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றில் சிலதை இப்போதே தருகிறேன். நோன்பு காலத்தில் சீனிக் குளிசையை விடியுமுன் ஸஹருக்குப் போடுவதா, நோன்பு திறந்த பிறகா? ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலினை எங்கே வைப்பது? கடலுக்குப் போய் இரண்டு நாள் கழித்து வருபவர் தவறிய பிரஷர் குளிசையைச் சேர்த்துப் போடலாமா? வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்கு ஜீவனித் தூள் கரைக்கும்போது பக்கற் முழுவதையும் ஒரு கோப்பைத் தண்ணீரில் போட்டால் என்ன நடக்கும்? இவற்றுக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். ஒலிவாங்கியோடு யாரையாவது அனுப்புங்கள், யாரிடம் போக வேண்டும் என்று நான் காட்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற அரச மருந்தாளர் ஒருத்தி
உவர்மலை, திருகோணமலை